‘அப்ப அவன் யாரு சேர்?’ – எங்கள் ஊர்ப் பள்ளிவாசல் நிர்வாக சபைக்கும் உலமாக்களுக்கும் ஒரு திறந்த மடல்

கண்ணியத்துக்குரிய தலைவர், சபை உறுப்பினர்கள், உலமாக்கள் அனைவருக்கும்,

அஸ்ஸலாமு அலைக்கும்.

சென்ற மாதம் நான் கைப்பட எழுதித் தந்த இரண்டு பக்கக் கோரிக்கையைச் சபைக் கூட்டத்தில் வாசித்தீர்கள் என்றும், ஏற்கவில்லை என்றும் உறுப்பினர் ஒருவர் என்னிடம் சொன்னார். அஸர் முடிந்து வெளியே வரும்போது, செருப்புப் போடும் இடத்தில் வைத்துச் சொன்னார். எழுத்தில் பதில் வரவில்லை. நான் கேட்டது பெரிய காரியம் அல்ல. உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகள் நடந்த ஏப்ரல் 21-க்கு முந்திய ஜும்ஆவில் அதைப் பற்றி ஒரு குத்பாப் பிரசங்கம், மத்ரஸாவின் மூத்த மாணவர்களுக்கு அதே விடயத்தில் ஒரு பாடம். அவர் சொன்ன காரணம் இது: “மார்க்கத்துக்கும் அந்தக் கொலைக்கும் சம்பந்தமே இல்ல சேர். அதைப் பள்ளிக்குள்ள பேசினா, சம்பந்தம் இருக்கெண்டு நாங்களே ஒத்துக்கிட்ட மாதிரிப் போயிரும்.”

அந்தக் காரணத்தை நான் ஏற்கவில்லை. உள்ளே பேச இடம் கிடைக்காததால் இப்போது எல்லோரும் கேட்கப் பேசுகிறேன். என் வாப்பா இதே பள்ளியில் மோதினாராக இருந்தவர். முப்பத்திரண்டு வருடம் இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குத் தமிழும் இஸ்லாமும் படிப்பித்தவன் நான். சபையில் இருப்பவர்களில் நாலு பேர் என் மாணவர்கள். வெளியாள் ஒருவர் நம்மைக் குறை சொல்கிறார் என்று இதைத் தள்ளிவைக்க உங்களுக்கு வழியில்லை.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொழும்பில் கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயம், நீர்கொழும்பில் கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் ஆலயம், மட்டக்களப்பில் சியோன் தேவாலயம், கொழும்பின் மூன்று பெரிய ஹோட்டல்கள். 250 பேருக்கு மேல் இறந்தார்கள். சியோனில் ஞாயிறு பாடசாலை முடிந்து முற்றத்தில் நின்ற பிள்ளைகள் இருந்தார்கள். அங்கே இறந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் சிறுவர்கள். பையோடு வந்தவனை வாசலில் மறித்து உள்ளே போகவிடாமல் நின்றவர் ஒரு தகப்பன். அவரும் இறந்தார். அவர் மறித்திருக்காவிட்டால் உள்ளே என்ன நடந்திருக்கும் என்பதை நினைக்கவே முடியவில்லை. வந்தவன் காத்தான்குடிக்காரன். நம் பேச்சைப் பேசுபவன், நம் கறி ஆணத்தைத் தின்று வளர்ந்தவன்.

என்னோடு பதினொரு வருடம் ஒரே ஓய்வறையில் பக்கத்து மேசையில் இருந்த ஆசிரியை ஒருவர் மட்டக்களப்பில் இருக்கிறார். அவருடைய தங்கச்சியின் மகள் சியோன் முற்றத்தில் இறந்தாள். மூன்றாம் நாள் நான் அந்த வீட்டுக்குப் போனேன். தொப்பியைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டுதான் போனேன். அதை இன்று சொல்லவும் வெட்கமாக இருக்கிறது. படலையடியில் அவரைக் கண்டதும் வாயில் வந்தது ஒன்றுதான். “டீச்சர், அவன் முஸ்லிமே இல்ல.” அவர் அழவில்லை, ஏசவுமில்லை. என்னைப் பார்த்துக் கேட்டார்: “அப்ப அவன் யாரு சேர்? எங்கட ஆளா?”

அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இருக்கவில்லை. இந்தக் கடிதத்தில்தான் அதற்குப் பதில் எழுதுகிறேன். அவன் நம் ஆள். ஐந்து வேளை தொழுதவன், நோன்பு பிடித்தவன், சுவர்க்கம் உண்டு என்று உறுதியாக நம்பியவன். செய்யப்போவது அல்லாஹ்வுக்குப் பிரியமான காரியம் என்று நம்பித்தான் பையைத் தோளில் போட்டான். அந்த நம்பிக்கை பிழையானது, கொடியது. ஆனால் அது நம்பிக்கைதான், நடிப்பு அல்ல. நடிப்பவன் தன் உயிரைக் கொடுக்க மாட்டான்.

வறுமை என்று சிலர் சொன்னீர்கள். ஷங்ரி-லாவிலும் சினமன் கிராண்டிலும் வெடித்த அண்ணன் தம்பி இருவரும் கொழும்பின் பெரிய வாசனைச் சரக்கு வியாபாரி ஒருவரின் மக்கள். இன்னொருவன் பிரித்தானியாவிலும் அவுஸ்திரேலியாவிலும் படித்தவன். கிறைஸ்ட்சர்ச்சுக்குப் பழிவாங்கல் என்றார்கள். நியூசிலாந்துப் பள்ளிவாசல் கொலைகள் நடந்தது 2019 மார்ச் 15. ஆனால் இதே கூட்டத்தார் மாவனல்லையில் புத்தர் சிலைகளை உடைத்தது அதற்கு முந்திய டிசம்பரில். வனாத்தவில்லுத் தென்னந்தோட்டத்தில் இவர்களுடைய வெடிமருந்துகள் பிடிபட்டது ஜனவரியில். பின்னால் யாரோ இருந்து இயக்கினார்கள் என்கிறீர்கள். இருக்கலாம், அது கடைசிவரை விசாரிக்கப்பட வேண்டும், பாதிக்கப்பட்டவர்கள் இன்றும் அதைத்தான் கேட்கிறார்கள். யாரோ இயக்கியிருந்தாலும் அவர்களுக்கு இயங்குவதற்குத் தயாரான பொடியன்கள் தேவைப்பட்டார்கள். அந்தப் பொடியன்கள் எங்கே தயாரானார்கள் என்பதுதான் என் கேள்வி.

அந்தக் கூட்டத்தின் தலைவன் ஸஹ்ரான் ஹாஷிம் சிரியாவிலிருந்து இறங்கி வந்தவன் அல்ல. காத்தான்குடியில் பிறந்து, பன்னிரண்டு வயதில் அங்கேயே அரபுக் கல்லூரிக்குப் போனவன். ஆசிரியர்களோடு முரண்பட்டு வெளியேற்றப்பட்டான். பிறகு வேறோர் இடத்தில் பிரசங்கம் செய்தான், அங்கும் ஒத்துவரவில்லை. பிறகு தானே ஓர் அமைப்புத் தொடங்கினான். ஒவ்வோர் இடத்திலும் அவனை வெளியே தள்ளினார்கள். அவன் சொன்னதை மறுத்துச் சபையில் பேசியவர்கள் குறைவு. அவன் பேசியது அரபியில் அல்ல, உருதுவில் அல்ல. நல்ல தெளிவான தமிழில், நம் ஊர்த் தமிழில். அதனால்தான் நம் பிள்ளைகளின் தொலைபேசிகளில் அவன் குரல் இருந்தது.

அவன் முதலில் குறிவைத்தது கிறிஸ்தவர்களை அல்ல என்பதை நீங்கள் மறந்துவிட்டீர்கள். அவன் முதல் எதிரிகள் முஸ்லிம்கள். இறைநேசர்களின் அடக்கத்தலமான ஸியாரத்துக்குப் போகிறவர்கள், நபிபுகழ் பாடும் மௌலித் ஓதுகிறவர்கள், ஸூஃபி வழியில் நடக்கும் தரீக்காக்காரர்கள். 2017 மார்ச் 10 அன்று காத்தான்குடி அலியார் சந்தியில் அவன் ஆட்கள் வாளோடு மோதியது ஸூஃபி மௌலவி ஒருவரின் சீடர்களோடு. அந்தச் சண்டைக்குப் பிறகுதான் அவன் தலைமறைவானான். அதற்கும் முன்னால் போனால், அதே மௌலவியையும் அவரைப் பின்பற்றியோரையும் ‘முர்தத்’, அதாவது மார்க்கத்தை விட்டுப் போனவர்கள், என்று அறிவித்த ஃபத்வா வந்தது 1979-இல். ஸஹ்ரான் அப்போது பிறக்கவேயில்லை. 2004-இல் வேறொரு தரீக்காவினரின் வீடுகள் எரிந்தன. 2006-இல் அவர்களுடைய தலைவர் மௌத்தானபோது அந்த மையித்தைக்கூட மண்ணுக்குள் நிம்மதியாகக் கிடக்க நாம் விடவில்லை. ‘நாம்’ என்றுதான் எழுதுகிறேன். நான் எரிக்கவில்லை. எரித்தவர்களைக் கண்டிக்கவும் இல்லை. அன்று அந்தத் தரீக்காவின் கொள்கை எனக்கும் பிடிக்காது, அதனால் பேசாமல் இருந்தேன். அந்த மௌனத்துக்காக நான் என் றப்பிடம் பிழைபொறுக்கக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஒரு மனிதனை மார்க்கத்தை விட்டு வெளியே தள்ளிவிட்டால், அவன் வீட்டை எரிப்பது பாவமாகத் தெரியாது. அங்கே பழகிய கை பிறகு சிலையை உடைக்கும், அதற்குப் பிறகு கோயில் முற்றத்துக்கும் போகும். மாவனல்லைச் சிலை உடைப்பில் பொலிஸாருக்குத் துப்புக் கொடுத்த முஸ்லிம் ஒருவர் 2019 மார்ச்சில் தன் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தபோது தலையில் சுடப்பட்டார். சுட்டவர்கள் அவரையும் முஸ்லிமாகக் கணக்கெடுக்கவில்லை.

இப்போது சொல்லுங்கள். ‘அவன் முஸ்லிமே இல்லை’ என்று நான் அந்தப் படலையடியில் சொன்னதும், நீங்கள் இன்று சபையில் சொல்வதும் என்ன? அவன் கையிலிருந்த அதே ஆயுதத்தைத்தான் நாமும் எடுக்கிறோம். பிடிக்காதவனை மார்க்கத்துக்கு வெளியே தூக்கிப் போட்டுவிட்டுக் கைகழுவுகிறோம்.

ஹஸ்ரத்மார்களுக்கு நான் கிதாபு காட்ட வேண்டியதில்லை. நான்காம் கலீஃபா அலி றழியல்லாஹு அன்ஹு அவர்களை, அவரை விட்டுப் பிரிந்துபோன கவாரிஜ்கள் காஃபிர், அதாவது இறைமறுப்பாளர், என்றார்கள். அவர்கள் இரவெல்லாம் தொழுது நெற்றி தழும்பேறியவர்கள், குர்ஆன் ஓதுவதில் யாருக்கும் குறையாதவர்கள். அவர்களோடு அலி நஹ்றவானில் போர் செய்தார். கடைசியில் ஹிஜ்ரி 40-இல் கூஃபாவில் அவர்களில் ஒருவன் கையால்தான் ஷஹீதானார். அந்த அலியிடம், ‘அவர்கள் காஃபிர்களா?’ என்று கேட்டபோது, ‘குஃப்ரை விட்டு ஓடிவந்தவர்கள் அவர்கள், நமக்கு எதிராக வரம்பு மீறிய நம் சகோதரர்கள்’ என்று சொன்னதாக அறிவிப்பு இருக்கிறது. அவர் அவர்களைத் தடுக்காமல் விடவில்லை. ஆனால் அவர்கள் யார் என்று சொல்ல வெட்கப்படவும் இல்லை. அந்தத் துணிவு நம் பிரசங்க மேடையான மிம்பருக்கு ஏன் வரவில்லை?

என் வகுப்பறையில் கண்டதைச் சொல்கிறேன். 2016 என்று நினைவு. பத்தாம் வகுப்பில் கெட்டிக்காரப் பொடியன் ஒருவன், பாடம் நடக்கும்போது எழுந்து கேட்டான்: “சேர், கந்தூரிச் சோறு திண்டுட்டு மௌத்தானா என்ட மூத்தம்மா நரகவாதிதானே?” கந்தூரி, இறைநேசர்கள் நினைவில் ஆக்கிப் பங்கிடும் சோறு. கிண்டலாகக் கேட்கவில்லை. அவன் கண் கலங்கியிருந்தது. மூத்தம்மா மௌத்தாகி ஒரு கிழமைகூட ஆகவில்லை. அவனை வளர்த்தவரே அவர்தான். அவருக்காக துஆக் கேட்கக்கூடாது என்று யாரோ அவனுக்குச் சொல்லியிருந்தார்கள். அடுத்த தைப்பொங்கலுக்குப் பக்கத்துப் பாடசாலையிலிருந்து வந்த பொங்கலை அவனும் இன்னும் மூன்று பேரும் தொடவில்லை. மாணவர் தலைவனாக இருந்தவன், தமிழ் ஆசிரியர் வகுப்புக்குள் வந்தால் ஸலாமும் சொல்லாமல் வணக்கமும் சொல்லாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நிற்பான்.

அவனுடைய வாப்பாவும் நானும் அப்போதைய நிர்வாகத்திடம் வந்தோம். நீங்கள் அன்று சபையில் இல்லை, அதனால் உங்களைக் குற்றம் சொல்லவில்லை. கிடைத்த பதில் இதுதான்: “மார்க்கப் பற்றுள்ள பொடியன். குடிச்சிட்டு றோட்டுல கிடக்கிறானா? சந்தோசப்படுங்க.” அந்த வாப்பா தலையைக் குனிந்துகொண்டு திரும்பிப் போனதை நான் மறக்கவில்லை. அல்லாஹ்வின் கிருபையால் அந்தப் பிள்ளை கெட்டுப்போகவில்லை. இன்று கட்டாரில் வேலை செய்கிறான். 2019 ஏப்ரல் முடிவில் ஓர் இரவு எனக்கு அழைப்பெடுத்து நெடுநேரம் அழுதான். “சேர், அந்த நேரம் யாரும் கூப்பிட்டிருந்தா நான் போயிருப்பன்” என்றான். நீங்கள் சம்பந்தமே இல்லை என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்தக் குரல்தான் கேட்கிறது.

அது பழைய கதை என்பீர்கள். போன நோன்பில் இரவுப் பயானுக்கு வெளியூரிலிருந்து வந்த மௌலவி, நம் ஒலிபெருக்கியில், ஊர் முழுக்கக் கேட்க, தரீக்காக்காரர்களை ‘முஷ்ரிக்’, அதாவது இணைவைப்பவர்கள், என்றார். மூன்று தடவை சொன்னார். முன்வரிசையில் சபை இருந்தது. போன வருடம் ஸியாரத்தடிக் குடும்பத்து வயோதிபப் பெண் மௌத்தானபோது ஜனாஸாத் தொழுவிக்க இமாம் தயங்கி, கடைசியில் மையித்தின் மகனே தொழுவித்தார். இவ்வளவு நடந்த பிறகும், ஏப்ரல் 21-ஐப் பற்றிப் பேச நம்மிடம் ஒன்றுமில்லை என்கிறீர்கள்.

இன்னொன்றையும் நினைத்துப் பாருங்கள். 2014 ஜூனில் அளுத்கமையில் காவியுடை உடுத்தவர் ஒருவர் மேடையேறிப் பேசி முடித்த கையோடு நம் வீடுகளும் கடைகளும் எரிந்தன. 2018 மார்ச்சில் திகனவில் எரிந்தன. அப்போது பெரிய தேரர்கள் சிலர், ‘இது காடையர் வேலை, பௌத்தத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை’ என்றபோது நாம் என்ன சொன்னோம்? இதே பள்ளியில் கூடி, ‘உங்கள் மேடையில் பேசப்பட்டது, உங்கள் ஆட்கள் கேட்டார்கள், நீங்கள்தான் தடுக்க வேண்டும்’ என்று தீர்மானம் எழுதினோம். அந்தத் தீர்மானத்தின் கையெழுத்து என்னுடையது. அவர்களுக்கு ஓர் அளவுகோல், நமக்கு வேறோர் அளவுகோல் என்று வைக்க நமக்கு உரிமையில்லை.

நீங்கள் எதற்குப் பயப்படுகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். அந்தப் பயம் நியாயமானது. 2019 மே 13 அன்று மினுவாங்கொடையிலும் குருநாகல், புத்தளம் மாவட்டங்களிலும் நம்மவர் கடைகளும் பள்ளிகளும் தாக்கப்பட்டன, நாத்தாண்டியப் பக்கம் ஒருவர் தன் வீட்டிலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். எதுவும் செய்யாத நூற்றுக்கணக்கானவர்களைப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் அள்ளிக்கொண்டு போனார்கள். மன்னார்ப் பக்கத்து இளம் ஆசிரியர் ஒருவர் தமிழில் கவிதை எழுதியதற்காக 2020 மே மாதம் பிடிக்கப்பட்டு ஒன்றரை வருடத்துக்கு மேல் உள்ளே இருந்தார். வன்முறைக்கு எதிராக எழுதியவரையே தீவிரவாதி என்றார்கள். வழக்கிலிருந்து 2023 டிசம்பரில்தான் விடுதலையானார். வாய் திறந்தால் அதையே நமக்கு எதிராகப் பிடிப்பார்கள் என்று நினைக்கிறீர்கள். நான் பேசச் சொல்வது பொலிஸுக்காகவோ தொலைக்காட்சிக்காகவோ அல்ல. நம் பிள்ளைகளுக்கு முன்னால். சாய்ந்தமருதில் வாடகை வீட்டுக்குப் புதிதாக வந்த ஸஹ்ரானின் ஆட்கள் மேல் சந்தேகப்பட்டு 2019 ஏப்ரல் 26 அன்று முதலில் போய் விசாரித்ததும் தகவல் கொடுத்ததும் அந்த ஊர் முஸ்லிம்கள்தான். அவர்கள் பயந்து கதவைச் சாத்திக்கொண்டிருந்தால் எத்தனை உயிர் போயிருக்குமோ.

அரசின் பிழைக்கு ஓரளவாவது தீர்ப்பு வந்தது. இந்தியாவிலிருந்து ஏப்ரல் 4-ஆம் திகதியே எச்சரிக்கை வந்தும் ஒன்றும் செய்யவில்லை என்பதற்காக, முன்னாள் ஜனாதிபதி 100 மில்லியன் ரூபா நட்டஈடு கட்ட வேண்டும் என்று 2023 ஜனவரி 12 அன்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பொலிஸ், புலனாய்வு, பாதுகாப்பு அமைச்சு அதிகாரிகளும் கட்ட வேண்டியிருந்தது. நமக்கு எந்த நீதிமன்றமும் அப்படித் தீர்ப்புச் சொல்லாது. நாமாகத்தான் நம் பிழையை எடுத்துப் பார்க்க வேண்டும்.

என் சின்ன மாமா காத்தான்குடியில் கலியாணம் முடித்து அங்கேயே பெண்வீட்டோடு இருந்தவர். 1990 ஆகஸ்ட் 3 இரவு இஷாத் தொழுகையில், மீரா ஜும்ஆப் பள்ளியில், ஸுஜூதில் வைத்துப் புலிகள் சுட்டார்கள். அன்றிரவு அந்தப் பள்ளியிலும் ஹுஸைனியாப் பள்ளியிலுமாக நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்தச் சுவரில் குண்டு துளைத்த இடங்களை இன்றும் பூசாமல் வைத்திருக்கிறார்கள். வருடா வருடம் நாம் போய்ப் பார்க்கிறோம், பிள்ளைகளுக்குக் காட்டுகிறோம். தொழுதுகொண்டிருந்தவர்களைக் கொன்றது யார் என்று தமிழர் வாயால் சொல்ல வேண்டும் என்று முப்பது வருடத்துக்கு மேலாக எதிர்பார்க்கிறோம். அப்படிச் சொன்ன சில தமிழர்களின் கையைப் பிடித்துக்கொண்டு நானே அழுதிருக்கிறேன். சியோன் முற்றத்தில் பிள்ளையைப் பறிகொடுத்தவர்களும் அதையேதான் நம்மிடம் எதிர்பார்க்கிறார்கள்.

ஆகவே என் கோரிக்கைகளைத் திரும்பவும் வைக்கிறேன், இம்முறை கூட்டியே வைக்கிறேன்.

ஏப்ரல் 21-க்கு முந்திய ஜும்ஆவில், ஸூரதுல் ஹஜ்ஜின் 40-ஆம் வசனத்தை வைத்துக் குத்பா ஓதப்பட வேண்டும். மடங்களும் கிறிஸ்தவ ஆலயங்களும் யூத ஆலயங்களும் அல்லாஹ்வின் பெயர் அதிகம் நினைக்கப்படும் பள்ளிவாசல்களும் ஒரே மூச்சில் வரும் வசனம் அது. கொன்றவர்கள் நம்மிலிருந்து போனவர்கள் என்றும், எந்தப் போதனையால் போனார்கள் என்றும் பெயர் சொல்லிப் பேச வேண்டும். மத்ரஸாவில் பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இது ஒரு நாள் பேச்சோடு முடியக்கூடாது. ஸஹ்ரான் எந்த ஆயத்துகளை எடுத்தான், எதை மறைத்தான் என்று வரிக்கு வரி எடுத்து மறுக்கும் பாடமாக அது இருக்க வேண்டும். ஹஸ்ரத்மார் நடத்துங்கள், நான் பின்வரிசையில் இருந்து கேட்கிறேன்.

நம் மிம்பரிலோ ஒலிபெருக்கியிலோ இன்னொரு முஸ்லிமைக் காஃபிர், முஷ்ரிக், முர்தத் என்று யாரும் சொல்லக்கூடாது என்று சபை தீர்மானம் எழுதி, வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு பேச்சாளரிடமும் முன்கூட்டியே கையெழுத்து வாங்க வேண்டும். மீறினால் அந்த இடத்திலேயே மைக்கை நிறுத்த வேண்டும். ‘உங்களுக்கு ஸலாம் சொல்பவரைப் பார்த்து, நீ மூமின் இல்லை என்று சொல்லாதீர்கள்’ என்று ஸூரதுந் நிஸாவின் 94-ஆம் வசனம் இருக்கும்போது இதற்கு வேறு ஆதாரம் தேட வேண்டியதில்லை. ஸியாரத்தடிக் குடும்பத்தாரிடம் சபை நேரில் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும். இனி எந்த ஜனாஸாவுக்கும் இந்தப் பள்ளியில் தயக்கம் காட்டப்படக்கூடாது.

தன் பிள்ளையின் பேச்சில் வெறுப்பைக் கண்டு பயந்து வரும் தாய் தகப்பனைக் கேட்பதற்கு மூன்று பேரை நியமியுங்கள். ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். உம்மாமார்தான் முதலில் கண்டுபிடிக்கிறார்கள். வந்தவர்களைத் திருப்பி அனுப்பக்கூடாது, வந்தது பற்றி ஊரில் கதைக்கவும் கூடாது.

கடைசியாக ஒன்று. அந்த ஆசிரியையோடு இப்போதும் எனக்குத் தொடர்பு இருக்கிறது. சபையிலிருந்து யாரையாவது கூட்டிக்கொண்டு வரலாமா என்று போன வாரம் கேட்டேன். “வாங்க சேர், கமரா வேணாம்” என்றார். ஏப்ரல் 21 காலை ஏழு மணிக்குப் பள்ளி வாசலில் நிற்பேன், தொப்பி தலையில் இருக்கும். தலைவரும் குறைந்தது இரண்டு உறுப்பினர்களும் என்னோடு வர வேண்டும். வருகிறீர்களா இல்லையா என்பதையும், மற்றக் கோரிக்கைகளுக்கான பதிலையும், இம்முறை சபையின் கடிதத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டுத் தாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஜமாஅத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியன்